சிவப்பு தெரியாத கண்ணாடி

எங்கள் படக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். இளவட்டங்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டார்கள். "அந்தக் காலத்துல எந்தெந்த மகாராஜாவைப் படம் புடிச்சீங்களோ, அதை எழுதுங்க சார்" என்றார்கள். நான் பிடித்த ஒரே மகாராஜா ஒரு சில்லறை ஜமீன்தார். வெற்றிலையை மென்றுகொண்டே உட்கார்ந்ததில் படத்தில் இரண்டு தாடையோடு விழுந்தார். அதை எழுதினால் அவருடைய பேரன்கள் சண்டைக்கு வருவார்கள்.

எழுந்து போகும்போது அவர்களில் ஒருவன் பையிலிருந்து புது ஃபிலிம் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினான். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியுமாம். குங்குமம் குங்குமமாகவே விழுமாம். இதைச் சொல்லிவிட்டு, பாவம் கிழவனுக்கு எங்கே புரியப் போகிறது என்று பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபிலிமுக்கு முந்திய எங்கள் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. தெரியாமல் இருந்த புண்ணியத்தால்தான் கோலார் தங்க வயலில் நாலு பேருடைய உடல் பூமிக்கு மேலே வந்தது. மகாராஜாவை விட்டுவிட்டு அதையே எழுதுகிறேன்.

எங்கள் நைனா குடியாத்தம் பக்கத்துக்காரர். தங்கச் சுரங்கம் தோண்ட ஆரம்பித்த நாளிலேயே பிழைக்க வந்தவர். நான் அவர் தோளில் உட்கார்ந்து வந்தேன். தங்கை கண்ணியம்மா அங்கேயே ஸ்கெலட்டன் லைன் என்கிற கூலிக் குடியிருப்பில் பிறந்தாள். எனக்கு மீசை அரும்பியதும் நைனா என்னைக் கேஜில் ஏற்றினார். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. அது இறங்கியபோது என் வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். ஷிப்டு முடிந்து மேலே வந்து, வயிற்றைத் தேடி எடுத்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் பங்காருபேட்டைக்கு நடந்து ரயில் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'ஓடிப்போன ஏழுமலை'.

பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். தண்ணீர் இறைத்தேன், கண்ணாடி கழுவினேன், திட்டு வாங்கினேன், சில வருஷத்தில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் ஒன்றுதான். ஸ்டூடியோ முதலாளியான மாஸ்டரைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ-இந்தியர். இங்கிலீஷும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவார், இரண்டையும் மூக்கால் பேசுவார். காரணம் பொடி. எங்கள் காமிராவுக்கு இன்றைக்கு இருப்பதுபோலப் பொத்தான் கிடையாது. முன்னால் ஒரு மூடி. அதைக் கழற்ற வேண்டும், வேண்டிய வெளிச்சம் உள்ளே போனதும் மாட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார்கள். மாஸ்டர் பொடி டப்பியைப் பார்த்துச் சொல்வார். நல்ல வெயில் என்றால் ஒரு சிட்டிகை எடுக்கிற நேரம். மப்பு என்றால் சிட்டிகையை எடுத்து, உறிஞ்சி, கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கிற நேரம். தும்மல் வருவதற்குள் மூடியை மாட்டிவிட வேண்டும். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அவர் எனக்கு அடித்துச் சொல்லித்தந்த பாடம் நெற்றிப் பாடம். எங்கள் கண்ணாடித் தகட்டில் நீலமும் வெள்ளையும் வெளுப்பாக விழும். சிவப்பு, மஞ்சள், காவி எல்லாம் கறுப்பாகப் போய்விடும். இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். அந்த வெளிச்சம் கண்ணாடிக்கு இருட்டுதான். நம் பெண்களோ படத்துக்கு உட்காருகிற நாளில்தான் முகத்துக்கு மஞ்சளை அப்பிக்கொண்டு, குங்குமத்தை அள்ளி வைத்துக்கொண்டு வருவார்கள். மஞ்சள் பூசிய முகம் கறுக்கும், அதன்மேல் குங்குமமும் கறுக்கும், கறுப்பில் கறுப்பு கரைந்து நெற்றி மொட்டையாக நிற்கும். மஞ்சள் கயிறும் அப்படியே மறைந்துவிடும். ஒருமுறை ஒரு முதலியார் வீட்டம்மாவின் படம் இப்படிப் போய்விட்டது. முதலியார் கைத்தடியோடு வந்தார். "நான் உசிரோட இருக்கும்போதே எனக்குக் கருமாதி பண்ணிட்டீரே!" என்று அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அதன்பிறகு மாஸ்டர் இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று, குங்குமத்தைத் துடைத்துவிட்டுச் சந்தனப் பொட்டு வைக்கச் சொல்வது. அது வெளுப்பாகத் தெரியும். இரண்டு, கழுவி எடுத்த தகட்டில் நெற்றிப் பக்கம் மெல்லியதாகப் பென்சில் ஓட்டி, பொட்டு இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுவது. பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும், பொட்டு கறுப்பாக எழும்பி வரும். "ஏழுமலை, முதலில் நெற்றியைப் பார், அப்புறம் மூடியைத் திற" என்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒருநாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உன் ஊரில் விபத்து நடந்திருக்கிறது, தெரியுமா?" என்றார். தெரியும். சுரங்கத்து ஆழத்தில் பாறைக்குள் அடைந்து கிடக்கிற அழுத்தம் திடீரென்று வெடிக்கும். பீரங்கி போட்ட மாதிரி சத்தம் வரும், கூரை இறங்கிவிடும். ஊரில் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர். அப்படி ஒரு லெவலில், அதாவது சுரங்கத்து அடுக்கில், கூரை இறங்கி, நாலு பேர் கல்லுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவன் கோவிந்தன், கண்ணியம்மாவின் புருஷன், என் மச்சான். கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஓடிப்போனவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று தயங்கிக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி படம் கேட்கிறது. உன்னைத்தான் அனுப்பப் போகிறேன். உன் ஜனங்கள் உனக்குத்தான் ஆடாமல் நிற்பார்கள்" என்றார் மாஸ்டர். அப்போது அங்கே பல கம்பெனிகள் இருந்தன. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குக் கம்பெனி ரைட்டர் வரதய்யா வந்திருந்தார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் அல்ல, ஆபீஸ் குமாஸ்தா. துரை தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். வயலுக்குப் போகிற வழியெல்லாம் நடந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த லெவலில் தங்கம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாம். கல்லை அள்ளி உடல்களை எடுப்பதென்றால் கேஜ் ஏறி இறங்குகிற ஷாஃப்டில் வேறு வேலை நடக்காது. ஆகவே மானேஜர் துரை ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நாலு பேரும் அன்றைக்கு அந்த லெவலில் இல்லவே இல்லை, வேலைக்குப் பயந்து ஊருக்கு ஓடிப்போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

"நம்பறாங்களா?" என்றேன்.

"ஏன் நம்ப மாட்டாங்க? ஓடிப்போறது உங்க குடும்பத்துக்குப் பழக்கந்தானே" என்று என் முதுகில் தட்டினார் வரதய்யா. நானும் சிரித்து வைத்தேன்.

ஆட்கள் வேலைக்குப் போவதில்லை. ஆனால் அது வேலைநிறுத்தம் இல்லை. அங்கேதான் இருந்தது எங்கள் ஊர்க்காரன் குசும்பு. வேலைநிறுத்தம் என்றால் தலைவன் யார் என்று கேட்பார்கள், பிடிப்பார்கள், லைன் வீட்டிலிருந்து சாமானைத் தூக்கி வெளியே எறிவார்கள். அதனால் யாரும் எதையும் நிறுத்தவில்லை. காலையில் சங்கு ஊதியதும் எல்லோரும் தொப்பியில் களிமண்ணை வைத்து மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு ஒழுங்காகக் கிளம்புவார்கள். ஷாஃப்டுக்குப் போகிற பாதையில் அந்த நாலு பேருடைய பெண்சாதிகளும் எதிரே வந்து நிற்பார்கள். வாயே திறக்க மாட்டார்கள். புருஷன் செத்தவள் எதிரே வந்தால் நல்ல காரியத்துக்குப் போகிறவன் திரும்பிவிட வேண்டும் அல்லவா? எல்லோரும் "அடடா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

மானேஜர் துரை வந்து, "யார் உங்களைத் திரும்பிப் போகச் சொன்னது?" என்று கத்தினாராம்.

"யாரும் சொல்லல தொரெ. சகுனந்தான் சொல்லிச்சி" என்றார்களாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. சுரங்கத்து வேலையை மேற்பார்வையிடுகிற கேப்டன் துரை சீமையிலும் சுரங்க ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் ஊரிலும் சுரங்கத்துக்குப் போகிற வழியில் பெண்பிள்ளை எதிர்ப்பட்டால் திரும்பிவிடுவார்களாம். முதல்நாள் அவர் குதிரையில் வந்தார், நாலு பெண்களையும் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார், குதிரையைத் திருப்பிக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆட்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று திட்ட மானேஜருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் வரதய்யாதான் மூளையைக் கசக்கி யோசனை சொன்னார். அந்தப் பெண்கள் தாலியை இன்னும் அறுக்கவில்லை. பிணத்தைப் பார்க்காமல் அறுக்க மாட்டோம் என்கிறார்கள். தாலி இருந்தால் சுமங்கலி. சுமங்கலி எதிரே வந்தால் நல்ல சகுனம். இதை ஆட்களிடம் சொன்னபோது அவர்கள் காதில் வாங்கவில்லை. ஆனால் லண்டனிலிருந்து வந்து பெங்களூரில் தங்கியிருந்த டைரக்டர் துரையிடம் சொல்லலாமே! அவர் தெய்வபக்தியுள்ள மனிதர். செத்தவர்கள் உள்ளே கிடந்தால் எடுத்து அடக்கம் செய்யுங்கள், இல்லையென்றால் இல்லையென்று நிரூபியுங்கள் என்று சொல்லியிருந்தார். வெயிலுக்கும் காலராவுக்கும் பயந்து வயலுக்கு வர மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். பொட்டும் பூவுமாக நாலு சுமங்கலிகளின் படம் போனால், இதோ பார், இவர்கள் விதவைகள் இல்லை, ஆகவே யாரும் சாகவில்லை என்று கதையை முடித்துவிடலாம்.

"யோசனை யாருதுன்னு நெனைக்கிறே?" என்று மீசையைத் தடவினார் வரதய்யா.

"உங்களுதுதான் சார். வேற யாருக்கு வரும்?" என்றேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்கும் ஒரு யோசனை வந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்கெலட்டன் லைனுக்குப் போனபோது கண்ணியம்மா வாசலில் நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் வரதய்யாவைப் பார்த்ததும் வாடிவிட்டது.

"இன்னாண்ணா, கம்பெனிதான் இஸ்துகினு வந்துச்சா ஒன்னெ?"

"ஆமாம்மா. படம் புடிக்க."

"ஒன் மச்சான் கீழ கீறாரு. இத்தினி வருசம் கழிச்சி பொறந்தவன் வரான், கல்லெத் தள்ள ஒரு கை குடுப்பான்னு பாத்தா, பொட்டியத் தூக்கிகினு வந்து நிக்கறியே."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். வரதய்யா முன்னால் வந்து, எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு படத்துக்கு நின்றால் அதைப் பெரிய துரை பார்ப்பார், அவர்கள் முறையீட்டைக் கேட்பார் என்று தேன் தடவிப் பேசினார். நாலு பேரில் மூத்தவள் முனியம்மா. அவளுடைய நாக்குக்கு லைனே பயப்படும்.

"கேக்கறதுக்கு இன்னா கீது ரைட்டரே? ஆளெக் காட்டு, இல்லாட்டி பொணத்தெக் காட்டு. அவ்ளோதான். இத்தெச் சொல்ல நாங்க சிங்காரிச்சிகினு நிக்கணுமா?" என்றாள்.

"பெரிய துரை அழுக்குச் சீலையோட நின்னா பாக்க மாட்டாரும்மா" என்றார் வரதய்யா.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "ரைட்டர் சொல்றது சரிதான். கலியாணத்துக்குக் கட்டின செவப்புக் கூறைச் சீலையெக் கட்டிக்குங்க. மொகத்துக்கு நல்லா மஞ்சா பூசிக்குங்க. குங்குமம் பெருசா வெச்சிக்குங்க."

வரதய்யா என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. கண்ணியம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "அவரு வாங்கினு வந்த சீலெ அது. அத்தெக் கட்டிகினு கம்பெனிக்காரனுக்கு நிக்கச் சொல்றியே, நீ எனக்கு அண்ணனா?" என்றாள். அழுகையோடு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சொன்னால் நாலு பேருக்கும் தெரியும், நாலு பேருக்குத் தெரிந்தால் லைனுக்கே தெரியும், லைனுக்குத் தெரிந்தது வரதய்யாவுக்குத் தெரியாமல் இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முனியம்மாதான் சமாதானம் சொன்னாள். "கட்டிக்கலாம் வாடி. நம்ம சீலெதானே. ஆளு வந்தா இதோட கூட்டினு வருவோம், பொணம் வந்தா இதோட அனுப்புவோம்."

பூவுக்கு வரதய்யா பேத்தமங்களா தோட்டங்களுக்கு ஆள் அனுப்பினார். "மல்லிப்பூ கொண்டு வரச் சொல்றேன்" என்றார். மல்லிகை வெள்ளை. வெள்ளையாகவே விழுந்து தொலைக்கும். "மல்லி வெயில்ல வாடிடும் சார். கனகாம்பரந்தான் எடுப்பு. பாருங்க, எம்மாம் செவப்பு!" என்றேன். கனகாம்பரமே வந்தது, கூடை நிறைய. குங்குமமும் மஞ்சளும் வரதய்யா தன் கையாலேயே நிறுத்து வாங்கி வந்தார். கல்யாணப் பெண்ணின் தகப்பனார்கூட அவ்வளவு ஓடியாடியிருக்க மாட்டார்.

ஷாஃப்டுக்கு எதிரே, நல்ல வெயிலில், நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். நேரில் பார்க்கக் கண் கூசியது. மஞ்சள் முகமும், நெற்றி நிறையக் குங்குமமும், சிவப்புச் சீலையும், கொண்டை நிறையக் கனகாம்பரமும். தாலிக் கயிற்றை வெளியே எடுத்துப் போடச் சொன்னார் வரதய்யா. சுற்றி ஊரே நின்று பார்த்தது. ஓடிப்போனவன் வந்து தங்கையை விற்கிறான் என்று ஒருவன் காறித் துப்பியது மட்டும் காதில் விழுந்தது.

மானேஜர் துரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். நான் கைகட்டி நின்று, வரதய்யா மூலமாக ஒரு சந்தேகம் கேட்டேன். "எங்க மாஸ்டர் வழக்கமா நெத்தியிலெ கொஞ்சம் பென்சில் ஓட்டுவாருங்க. இதுக்கும் ஓட்டலாங்களா?"

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. இது சாட்சிப் படம், வரைந்தார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது, ஒரு மயிரிழை கைபட்டாலும் ஸ்டூடியோவின் மேல் வழக்குப் போடுவேன் என்றார்.

"சந்தனப் பொட்டு வெச்சா இன்னும் நல்லா எடுப்பா இருக்குங்களே?" என்றேன்.

"இருக்கிறது இருக்கிறபடி!" என்று குடையைத் தரையில் குத்தினார்.

இரண்டு முறை கேட்டாயிற்று. கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணியம்மா தலைகீழாகத் தெரிந்தாள். அந்தக் காமிராவில் எல்லோரும் தலைகீழாகத்தான் தெரிவார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. வெளியே வந்து மூடியைக் கழற்றினேன். ஒரு சிட்டிகை பொடி எடுக்கிற நேரம். மாட்டிவிட்டேன். துரை தகட்டுப் பெட்டிக்குத் தன் கையாலேயே அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

பெங்களூருக்கு அந்தப் பெட்டியை மானேஜரே கொண்டு வந்தார். ஸ்டூடியோவிலேயே டைரக்டர் துரையின் கண்முன்னால் முத்திரையை உடைத்துக் கழுவி அச்சிட வேண்டும் என்று ஏற்பாடு. டைரக்டர் துரை வெள்ளைத் தாடிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். வந்ததிலிருந்து மானேஜர் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இந்துப் பெண்ணின் நெற்றியைப் பாருங்கள், குறி இருந்தால் புருஷன் உயிரோடு இருக்கிறான், இல்லையென்றால் செத்துவிட்டான், இதில் தப்பே வராது, காமிரா பொய் சொல்லாது என்று.

இருட்டறையில் மாஸ்டரும் நானும் மட்டும். சிவப்பு விளக்கு. தட்டில் மருந்தை ஆட்டியபடி மாஸ்டர் தகட்டைப் பார்த்தார். தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்தனம் வைக்க மறந்துவிட்டாயா?"

"கேட்டேன் மாஸ்டர். தொரெ வேணான்னுட்டாரு."

"பென்சில்?"

"அதுவும் கேட்டேன் மாஸ்டர்."

"கண்ணுக்கு எப்படி இருந்தார்கள்?"

"மகாலட்சுமி மாதிரி இருந்தாங்க. அதுல ஒண்ணு என் தங்கச்சி."

இருட்டறையில் பொடி போடக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். அன்றைக்கு அவரே போட்டார்.

அந்தக் காலத்து அச்சுக் காகிதம் வெயிலில் வைத்தால் கண்ணெதிரே கறுத்துப் படம் எழும்பும். தகடு காய்ந்ததும், அதைக் காகிதத்தோடு சேர்த்து மாட்டிய சட்டத்தை மொட்டைமாடியில் வெயிலில் வைத்தோம். இரண்டு துரைகளும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஷாஃப்டு வந்தது. பிறகு நாலு உருவங்கள். பிறகு முகங்கள். கன்னங்கரேலென்ற சீலை, மொட்டை நெற்றி, வெறுங்கழுத்து, பூ இல்லாத தலை.

டைரக்டர் துரை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "குறி எங்கே?" என்று கேட்டார்.

மானேஜர் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்" என்றார்.

"காமிரா பொய் சொல்லாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்" என்றார் டைரக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாவம், துக்க உடை வேறு உடுத்தியிருக்கிறார்கள்" என்றார். அவர்கள் ஊரில் புருஷன் செத்தால் கறுப்பு உடுத்துவார்களாம். இது நான் கணக்கில் சேர்க்காதது. கடவுள் தன் பங்குக்குச் சேர்த்தது.

மானேஜர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். முகம் கனகாம்பரத்தைவிடச் சிவந்திருந்தது. "இது எப்படி நடந்தது? சொல்லும்!" என்றார்.

மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிவப்பு இந்தத் தகட்டுக்குத் தெரியாது என்று எந்தப் படக்காரனும் சொல்லிவிடக்கூடிய ஒரு வார்த்தை. கம்பெனியோ எங்கள் ஸ்டூடியோவுக்குப் பெரிய வாடிக்கை. மாஸ்டர் டப்பியைத் திறந்தார். சிட்டிகை எடுத்தார், உறிஞ்சினார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். மப்பு நாளைக்கு உண்டான நேரம் முழுவதும் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, வெளிச்சம் எழுதியதைத்தான் தகடு காட்டும். யாரும் கை வைக்கவில்லை. அரக்கு முத்திரை உங்களுடையது" என்றார்.

மூன்றும் உண்மை. டைரக்டர் துரை தொப்பியைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். பிறகு, உள்ளே இருப்பவர்களை வெளியே எடுத்த பிறகுதான் மற்ற வேலை என்று மானேஜரிடம் சொன்னார்.

அந்தக் கம்பெனி அதன்பிறகு எங்கள் ஸ்டூடியோ வாசலை மிதிக்கவில்லை. மாஸ்டர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை.

கல்லை அள்ளக் கேப்டன் துரையே முன்னால் நின்று இறங்கினார் என்று கேள்விப்பட்டேன். அந்த நாலு பெண்களும் பாதையிலிருந்து ஒதுங்கி நின்றார்களாம். கூப்பிடாமலே எல்லா ஆட்களும் இறங்கினார்களாம். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது உடல்கள் மேலே வந்துகொண்டிருந்தன. கோவிந்தனைக் கையில் கட்டியிருந்த தாயத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். கண்ணியம்மா அந்தச் சிவப்புச் சீலையையே உடுத்திக்கொண்டு வந்து அவனை அனுப்பினாள். நான் தோள் கொடுத்தேன். காறித் துப்பியவனும் என்னோடு தோள் கொடுத்தான். அன்று என் சாமர்த்தியம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு படத்தின் ஒரு பிரதியைக் கண்ணியம்மாவிடம் கொடுத்தேன். தகட்டின் வித்தையைச் சொன்னேன், வரதய்யாவின் மஞ்சளைச் சொன்னேன், டைரக்டர் துரையின் கறுப்புச் சீலையைச் சொன்னேன். முனியம்மா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரைட்டரு நிறுத்து வாங்கின மஞ்சாவா? அடப்பாவி மவனே!" என்றாள். கண்ணியம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தைப் பார்த்தவள், கட்டைவிரலால் தன் நெற்றி இருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு வெச்சதுதாண்ணா பெரிய பொட்டு. அத்தினி பெருசா எங் கலியாணத்துலகூட வெச்சதில்லெ. அத்தெக் காணமே."

"போவலம்மா. தகட்டுலெ அது கீது. நெத்தியிலெ கொஞ்சம் பென்சில் ஓட்டினா எழும்பி வந்துடும். இன்னிக்கே மாஸ்டராண்ட போயி வேற படம் போட்டு எடுத்துகினு வரேன். பூவும் தெரியற மாதிரி பண்றேன். ஒன் மூஞ்சி ஒன் மூஞ்சியாட்டமே இருக்கும்."

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் சுமங்கலியாக நின்ற படம் உலகத்தில் அது ஒன்றுதான். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வோணாண்ணா" என்றாள். "நீ பொட்டு வெச்சியானா, அவரு ஓடிப்பூட்டாருன்னு சொல்லுவானுங்க."